நான்காம் பலகை காத்த படலம்

நற்பெயருக்கு விலையே கிடையாது என்று சொல்கிறவர்கள் கடைத்தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். விலை உண்டு: நூற்றுப் பத்து பவுண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில், ஆக்ரிங்டன் நகரில், ஒரு வீட்டுக் கூடத்தின் தரைக்கடியில் கேஸ் குழாய் பதித்துக் கொடுக்க ஒரு குழாய்க்காரர் கேட்ட கூலி அது. "நூத்திப் பத்தா? நானே போட்டுக்கிறேன் போய்யா" என்று அவரை வாசலோடு அனுப்பிவைத்த வீட்டுக்காரர், மிச்சம் பிடித்த அதே தொகைக்குத் தன் பெயரை அடகு வைத்துவிட்டதை அன்று அறியவில்லை. வட்டி முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓடும் என்பதையும் அறியவில்லை.

வாழ்க அவன்! வீவர் தெரு நாற்பத்தேழாம் இலக்க இல்லத்து இறைவன், எழுபத்தோர் அகவை கண்ட ஏந்தல், கிளிஃபர்ட் எண்ட்விசில் வாழ்க! மழை, சாரல், தூறல் என்னும் மூன்றே பருவங்கள் கொண்ட லங்காஷயர் நன்னாட்டில் முப்பத்தோர் ஆண்டு அஞ்சல் பை சுமந்தவன். கதவுதோறும் குரைத்தெழுந்த நாய்ப்படை கண்டும் புறங்கொடாதவன். கால்சட்டை கிழிந்ததுண்டு, ஆனால் கிழிசல் எல்லாம் முன்பக்கமே என்று மதுக்கடையில் மார்தட்டும் விழுப்புண் வீரன். தன் சுவரில் தானே ஆணியடித்து, தானே படம் மாட்டி, படம் விழுந்தபோது சுவரைப் பழித்த பேராண்மையாளன். அவன் புகழ் பாடப் புகுந்த எனக்குக் கலைமகள் வேண்டாம். அவளுக்கு வேறு வேலை இருக்கும். செம்பே! செம்பின் வாயைச் செம்பின் வாயோடு சேர்த்துவைக்கும் பற்றாசே! வந்து என் நாவில் உருகி நில்லுங்கள்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். சனவரி மாதத்து நள்ளிருட்குளிரில் அந்த வீட்டுப் பழைய பாய்லர் மூன்று முறை இருமி உயிர்நீத்தது. அதன் இடத்தில் வைப்பதற்கு ஒரு காம்பி பாய்லரைத் தலைவனின் மனைவி க்ளெண்டா தேர்ந்தெடுத்தாள். மாடி அலமாரிக்குள் செப்புக் கொப்பரையில் வெந்நீரைச் சேர்த்துவைத்து, முதலில் குளித்தவருக்குச் சொர்க்கமும் அடுத்தவருக்கு நடுக்கமும் வழங்கிவந்த பழைய ஆட்சி அதோடு முடியும்; குழாயைத் திறந்த கணத்தில் நீரைக் கொதிக்கவைத்துத் தருவது புதியவனின் தொழில். ஆனால் அவன் உருவில் சுவர் அலமாரி, பசியில் பகாசுரன். பழையது உறிஞ்சிக் குடித்த கேஸை இவன் அண்டாவோடு கவிழ்த்துக் குடிப்பவன். சுண்டுவிரல் குழாயில் வருவது அவனுக்குத் தொண்டை நனையவும் காணாது. மீட்டர் இருக்கும் மாடிப்படிக் கீழறையிலிருந்து அடுக்களை வரை கட்டைவிரல் பருமனில் புதுக் குழாய் போட்டாக வேண்டும்.

அதைப் போட வந்தாள் கேத் ஆர்மராட். முழங்கால் இரண்டிலும் ரப்பர்க் கவசம் பூண்டவள்; காதுமேல் பென்சில் செருகியவள்; முப்பது மைல் சுற்றளவில் எந்த வீட்டுத் தண்ணீர் எங்கே அடைபடும் என்று நாடி பிடித்துச் சொல்பவள்; மேயரானாலும் குப்பை அள்ளுபவரானாலும் எல்லாரையும் "கண்ணு" என்றே விளிக்கும் சமநோக்கினள். பிரம்மாஸ்திரம், நாகாஸ்திரம் எல்லாம் கேட்டிருப்பீர்கள். இவளிடம் இருந்தது அவற்றினும் கொடியது. பழைய வேலையைக் கண்டதும் இவள் பற்களை லேசாகக் கடித்து, அவற்றின் இடுக்கு வழியே காற்றை மெல்ல உள்ளே இழுப்பாள். அந்த ஒலி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குக் கூலி ஏறும். வீட்டுக்காரனின் முதுகெலும்பு அவ்வளவுக்கு வளையும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மாடிப்படிக் கீழறையைத் திறந்து விளக்கைப் பாய்ச்சினாள். மீட்டரிலிருந்து கிளம்பிய குழாய், இடப்பக்கம் வளைந்து, மேலேறி, மனம் மாறிக் கீழிறங்கி, ஒரு விட்டத்தைச் சுற்றி வணக்கம் சொல்லி, தரைக்கடியில் மறைந்தது.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..." என்றாள் கேத். ஊருக்குள் ஒரு தொலைதூர ரயில் புகுந்ததுபோல் இருந்தது. "யாரு கண்ணு போட்டது இதை?"

இங்கேதான் விதி வாய் திறந்தது. நாய்ப்படைக்கு அஞ்சாத நம் தலைவனின் நா, அந்நாட்டில் இக்கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் ஒரே விடையைத் தானாகவே உருட்டிப்போட்டது.

"முன்னால இருந்தவங்க."

"நெனச்சேன். கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்டிருக்கான். இங்கயே மூணு முழங்கை வளைவு, கீழ எத்தனையோ. கேஸ் அடுப்படி போய்ச் சேர்றதுக்குள்ள மூச்சு வாங்கி நடுவழியில உக்காந்துரும்."

"ஆமாம்மா, வெவஸ்தை கெட்ட ஆளு" என்றான் தலைவன், தன்னைத் தானே வெட்டிக்கொண்ட வீரனாய். அவனும் க்ளெண்டாவும் அந்த வீட்டில் குடியேறியது எழுபத்தொன்பதில்.

"சரி, கூடத்துப் பலகையெல்லாம் எடுத்துருவோம். கம்பளத்தைச் சுருட்டிக் குடுங்க."

அதைக் கேட்டதும் தலைவனின் உடலில் ஓடிய குருதி ஒரு கணம் நின்று, எங்கே போவது என்று யோசித்தது. ஏனெனில் கூடத்தின் நான்காம் பலகைக்கு அடியில், குறுக்கு விட்டத்தின் பக்கவாட்டில், அவனுடைய மெய்க்கீர்த்தி இருந்தது.

அந்நாட்டார் வழக்கம் அறிவீர்கள். சுவருக்குக் காகிதம் ஒட்டினாலும் சரி, தரைக்குப் பலகை அடித்தாலும் சரி, மூடுவதற்கு முன் உள்ளே பெயரும் தேதியும் எழுதாமல் விடமாட்டார்கள். வெற்றி கொண்ட மன்னர்கள் மலையில் வெட்டியதை இவர்கள் மரத்தில் எழுதுகிறார்கள். எண்பத்தாறு ஆகஸ்ட் மாத இறுதித் திங்கட்கிழமை விடுமுறையில், கடைசிக் குழாய் மூட்டைப் பற்றவைத்து முடித்த செருக்கில், முப்பத்து மூன்று வயதுக் கிளிஃபர்ட் தச்சுப் பென்சிலை எடுத்து, உள்ளங்கை உயர எழுத்தில் இவ்வாறு பொறித்திருந்தான்:

இக்குழாய் பதித்தவன் கிளிஃபர்ட் எண்ட்விசில். 25 ஆகஸ்ட் 1986. குறை காண்பவன் இதைவிட நன்றாகப் போட்டுக் காட்டட்டும்.

பண்டைப் புலவர்கள் நெடுமொழி என்றது இதைத்தான். நெடுமொழி சொன்ன வீரர்கள் பெரும்பாலும் அன்று மாலையே மாண்டுபோனதால் பதில் சொல்லும் தொல்லை அவர்களுக்கு இருந்ததில்லை. நம்மவனோ ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தான். "வெவஸ்தை கெட்ட ஆளு" தான்தான் என்பதோடு, பொய்யனும் தான்தான் என்பதும் ஒரே விளக்கொளியில் வெளிப்படப் போகிறது. நாளை மதுக்கடைக்கு எந்த முகத்தோடு போவது?

ஒரே வழி இருந்தது. மதியம் ஒரு மணிக்குக் கேத் தடித்த முழங்கைகள் வாங்கச் சாமான் கடைக்குப் போவாள்; அவளே சொன்னாள். வேன் தெருமுனை திரும்பியதும் பலகையை நெம்பி, எழுத்தை அழித்து, திரும்ப மூடிவிடலாம். ரப்பர் துண்டு ஒன்று ஏற்கெனவே சட்டைப் பையில் ஏறிவிட்டது. அதுவரை கோட்டையைக் காக்க வேண்டும். க்ளெண்டாவோ தங்கையோடு பர்ன்லி சந்தைக்குப் போயிருக்கிறாள். நாலு மணிக்கு முன் வரமாட்டாள். அவள் காதில் "முன்னால இருந்தவங்க" விழுந்தால் அழிக்க ரப்பர் போதாது.

எனவே சூடினான் நொச்சி! உழிஞை சூடி அடுக்களைப் பக்கமிருந்து முற்றுகையிட்டாள் கேத். அவளது நெம்புகோல் பாய்ந்த இடமெல்லாம் ஆணிகள் பல்லைக் காட்டின. முதற் பலகை எழுந்தது. இரு முழங்கைகள் தெரிந்தன. ரயில் ஒருமுறை ஊரைக் கடந்தது. இரண்டாம் பலகை எழுந்தது, மேலும் இரண்டு, ரயில் திரும்பி வந்தது. மூன்றாம் பலகையின் கீழே குழாய் காரணமே இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. கேத் வெகுநேரம் அதைப் பார்த்தாள். "இது எதுக்கு கண்ணு? அழகுக்கா?" என்றாள். அங்கே ஒரு காலத்தில் க்ளெண்டாவின் தையல் எந்திரம் நின்றது என்றும், அதை நகர்த்த மனமில்லாமல் சுற்றிப் போனதென்றும் தலைவன் எப்படிச் சொல்வான்?

அவன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நான்காம் பலகையின் நட்டநடுவில் போட்டு, குறுக்கெழுத்துப் புதிரை விரித்து, அதன்மேல் அமர்ந்தான். சிங்காதனத்தில் சேரன் அமர்ந்தால் இப்படித்தான் இருந்திருக்கும், கூடத்தில் போகவர வழி இருந்திருக்காது.

"கொஞ்சம் எந்திரிங்க கண்ணு."

"முட்டி பிடிச்சுக்கிச்சும்மா. அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் கழிந்தது. கேத் நெம்புகோலைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். தலைவன் தன் கடைசிப் படைக்கலத்தை உருவினான்.

"டீ போடட்டுமா?"

அந்த நாட்டில் அச்சொல் காதில் விழுந்தால் நெம்புகோல் தாழும், சுத்தியல் உறங்கும், பற்றவைக்கும் சுடர் அணையும். குவளை காலியாகும்வரை எவரும் எவரையும் தாக்குவதில்லை. கேத்துக்குச் செங்கல் நிறத்தில், பால் தாராளமாய், சர்க்கரை இரண்டு. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து குடிப்பாள்; அவள் கண்ணெதிரே பலகையைத் தொட முடியாது; ஆனால் அவளாலும் தொட முடியாது. ஒரு குவளைக்குப் பன்னிரண்டு நிமிடம். பிஸ்கட் சேர்த்தால் பதினைந்து. பத்து மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று என்று குவளை குவளையாகக் காலத்தை விலைக்கு வாங்கினான் தலைவன். இடையிடையே கேத் மீட்டர் முனையிலும் அடுக்களை முனையிலும் ஆகவேண்டியதைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு ஆறாவது குவளையையும் அவள் மறுக்கவில்லை. "குடலெல்லாம் மிதக்குது கண்ணு. சரி, போடுங்க" என்றாள். இன்னும் அரைமணி நேரம்! கோட்டை நின்றுவிடும்!

தலைவன் குளிர்ப்பெட்டியைத் திறந்தான். பால் இல்லை.

காலிப் பால் பாட்டிலைக் கவிழ்த்தான், ஒரு துளி வந்து விளிம்பில் நின்று அவனைப் பார்த்தது. அப்போது அவன் நெஞ்சில் மூண்ட போருக்கு முன் கூடத்துப் போர் குழந்தை விளையாட்டு. போகாவிட்டால், வீட்டு வேலைக்கு வந்தவளுக்கு டீ என்று சொல்லிவிட்டுக் கொடுக்காத வீடு என்ற பழி. ஆக்ரிங்டனில் கொலைக்கு மன்னிப்பு கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. போனால், பலகை. விருந்தறம் ஒருபுறம் இழுக்க, தன்மானம் மறுபுறம் இழுக்க, நடுவில் முட்டி உண்மையாகவே பிடித்துக்கொண்டது.

"பால் வாங்கிட்டு ஒரே ஓட்டத்துல வந்துர்றேன்" என்றான். "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. உக்காந்து ஓய்வெடுங்க."

"காலையிலேருந்து அதைத்தானே கண்ணு பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள் கேத்.

ஓடினான். முப்பத்தோர் ஆண்டு கடிதம் சுமந்த கால்கள் கடிதமின்றி ஓடின. சாரல் தூறலாகி, தூறல் மழையாகி, முப்பருவமும் அவன் ஒருவன் தலையில் ஒருங்கே பொழிந்தன. மூலைக்கடையில் ரஷீத் கல்லாவில் இருந்தார். அவர் முன்னே ஒரு மூதாட்டி, பரிசுச்சீட்டு ஆறு வாங்கி, ஆறையும் அங்கேயே நாணயத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வரிசையை மீறுவது அந்நாட்டில் தெய்வக்குற்றம். தலைவன் நின்றான். முதற் சீட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு பவுண்டு விழுந்தது. அவள் அதற்கு ஏழாவது சீட்டு வாங்கினாள்.

"என்ன கிளிஃப், வீட்ல தீயா?" என்றார் ரஷீத்.

"பால்!" என்று முழங்கினான் தலைவன்.

"பாலுக்கா இந்த ஓட்டம்? பூனைகூட இப்படி ஓடாதுப்பா."

ஒருவழியாக இரு பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பி, கதவைத் திறந்தான். நாற்காலி ஓரமாக இருந்தது. நான்காம் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. பள்ளத்தின் இந்தப் பக்கம் முழங்காலிட்டு விளக்குப் பிடித்திருந்தாள் கேத். அந்தப் பக்கம், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், குனிந்து படித்துக்கொண்டிருந்தாள் க்ளெண்டா. பர்ன்லியிலும் மழை, சந்தை பாதியில் கலைந்துவிட்டது.

மதில் வீழ்ந்தது. காவலன் ஈரமாய் நின்றான்.

"ஆக, முன்னால இருந்தவரு பேரு கிளிஃபர்ட் எண்ட்விசில்" என்றாள் கேத், யாரையும் பார்க்காமல்.

க்ளெண்டா நிமிர்ந்தாள். கணவனைப் பார்த்தாள்: சொட்டும் தலைமயிர், அணைத்த பால், நாயிடம் சிக்கிய கடிதம் போன்ற முகம். நாற்பத்தாறு ஆண்டு இல்லறக் கணக்கு முழுவதையும் அந்த ஒரு பார்வையில் கூட்டிக் கழித்துப் பார்த்து, மீதம் என்ன என்று கண்டுகொண்டாள்.

"ஆமா" என்றாள். "தங்கமான மனுஷர். அவர்கிட்டதான் வீட்டை வாங்கினோம்."

"உங்க வீட்டுக்காரர் பேரும் அதானே?"

"இந்தப் பக்கம் ஒரு கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு எண்ட்விசில் தலையிலதாங்க விழும். பேரு ஒத்துப்போச்சுன்னு வெலையில ஐநூறு கொறச்சாரு பாவம்."

"எண்பத்தாறுன்னு போட்டிருக்கே. நீங்க எப்ப வந்தீங்க?"

"எண்பத்தேழு" என்றாள் க்ளெண்டா, இமை அசையாமல்.

முழங்குக முரசு! எழுக கொடி! இழந்த கோட்டையை மனையாள் ஒற்றை நாவால் மீட்டுத் தந்தாள். தலைவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டு போய் டீ போடுவது. பெயர் பிழைத்தது, பொய் பிழைத்தது, மதுக்கடை பிழைத்தது. அடுக்களையை நோக்கி இரண்டடி வைத்தும்விட்டான்.

அப்போது கேத் பள்ளத்துக்குள் கைவிட்டு, குழாய் மூட்டு ஒன்றை விரலால் தடவினாள். பற்களைக் கடித்தாள். ஆனால் காற்று உள்ளே போகவில்லை. வெளியே வந்தது, மெல்ல, ஒரு சீட்டியாக.

"ஆனா ஒண்ணு சொல்லணும். பத்தவெச்சிருக்கான் பாருங்க. பதினோரு முழங்கை, இருவத்திரண்டு வாய். மோதிரம் மாட்டினாப்ல சுத்தி ஓடியிருக்கு ஈயம். இத்தனை வருஷத்துல ஒரு பொட்டு கசிவு இல்ல. இவ்வளவு சுத்தமா நான்கூடச் செஞ்சதில்ல. வழி தெரியாத பயதான். ஆனா கை இருக்கே, கை! அந்தக் கிளிஃபர்ட் எங்க இருக்காரோ, பார்த்தா ஒரு பைன்ட் பீர் வாங்கிக் குடுப்பேன்."

பழி என்பது அம்பு. அதற்குக் கேடயம் உண்டு. புகழுக்கு எந்தக் கொல்லன் கேடயம் அடித்திருக்கிறான்? தலைவன் மூன்றாம் அடியை வைக்க முயன்றான், கால் வரவில்லை. அந்தக் கிளிஃபர்டாம். அந்தக் கிளிஃபர்டுக்குப் பைன்டாம்! இல்லாத ஒருவன், மதுக்கடையில் தன் இருக்கையில் சாய்ந்து, தன் கைக்குக் கிடைத்த பாராட்டை நுரையோடு குடிப்பது அவன் கண்ணில் தெரிந்தது. உலகில் தன்மேல் தானே பொறாமைப்பட்டவர் சிலரே. அவர்களில் நம்மவன் முதல்வன். பால் பாட்டில்களைத் தரையில் வைத்தான். மார்பை நிமிர்த்தினான். கூடம் அதிர முழங்கினான்:

"நான்தான்யா அந்தக் கிளிஃபர்ட்! இருவத்திரண்டு வாயும் நான்தான்! கொட்டற மழையில சைக்கிள்ல போய் ஈயம் வாங்கிட்டு வந்து, மூணு நாள் மல்லாந்து படுத்து, நான்தான் போட்டேன்!"

க்ளெண்டா கண்ணை மூடிக்கொண்டாள். "எண்பத்தேழுன்னு சொன்னேனே கிளிஃப். நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சே."

"தெரியும் கண்ணு" என்றாள் கேத். "முன்னால இருந்தவங்க போட்டதுன்னு சொல்ற வீட்டை வெச்சுத்தான் என் பொழப்பே ஓடுது. இந்தத் தெருவுல மட்டும் ஏழு வீடு பார்த்துட்டேன். ஏழுலயும் ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. ஆனா நான்தான்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்." பிறகு, "அந்த டீ என்னாச்சு?" என்றாள்.

மறுநாள் மாலை, தடித்த புதுக் குழாய் நான்கே முழங்கைகளுடன் மீட்டரிலிருந்து அடுக்களைக்கு நேராகச் சென்று சேர்ந்தது. சுவரிலிருந்த பகாசுரன் நீலச் சுடர் காட்டி உறுமி, வயிறாரக் குடித்தான். பலகையை மூடுமுன் கேத் காதிலிருந்த பென்சிலை எடுத்து, பழைய நெடுமொழிக்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், "போட்டுக் காட்டியாச்சு. கே. ஆர்மராட்" என்று எழுதித் தேதியிட்டாள். தலைவன் எட்டிப் பார்த்து, எழுத்து கோணல் என்றான்.

அமைதி திரும்பியது என்று இங்கே முடித்திருப்பேன். ஆனால் சனிக்கிழமைத் தபாலில் கேத்தின் பில் வந்தது. அதில் காம்பி பாய்லர், மாட்டுக்கூலி, பழைய கொப்பரையை இறக்கியது என்று எல்லாம் முறையாக இருக்க, கடைசி வரியில் "முன்பு குடியிருந்தவர் பதித்த கேஸ் குழாயை அகற்றிப் புதிது பதித்ததற்கு, 420 பவுண்டு" என்று கண்டிருந்தது. அவனைக் காப்பதாக எண்ணித்தான் எழுதினாளோ, சீண்டுவதற்கு எழுதினாளோ, அதைக் குழாய்த் தெய்வமே அறியும். தலைவன் சினந்தெழுந்து தொலைபேசியைக் கையிலேந்தி, முன்பு குடியிருந்தவனாவது மண்ணாங்கட்டியாவது, கிளிஃபர்ட் எண்ட்விசில் பதித்த குழாய் என்று திருத்தி எழுதி, ஒரு கசிவும் இல்லை என்பதையும் சேர்த்து, கையெழுத்திட்டு அனுப்பினாலன்றி அந்த ஒரு வரிக்கு ஒரு பென்னியும் தரமாட்டேன் என்று, வடக்கே ஸ்காட்லாந்து எல்லைவரை கேட்கும்படி வஞ்சினம் உரைத்தான்.

மொத்தம் மூவாயிரத்து நூற்று இருபது பவுண்டு, கட்டியது இரண்டாயிரத்து எழுநூறு, மீதி நானூற்று இருபது இன்னும் பாக்கி.